எந்தத் தண்ணீருக்கு எந்த வெட்சூட்: மணப்பாடு, உவரி பக்கம் அலை பழகியவர்களுக்கு

சித்திரை மாதம் ஒரு காலை, பாளையங்கோட்டையிலிருந்து இருட்டோடு பைக்கில் கிளம்பி மணப்பாட்டுக்கு வந்த ஒரு பையன், கரையில் அரை மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு 4/3 வெட்சூட்டுக்குள், அதாவது அலைச் சறுக்குக்காரர்கள் குளிர் தாங்கப் போடுகிற தடித்த ரப்பர் உடுப்புக்குள், தன்னைத் திணித்துக்கொண்டான். தண்ணீர் அன்றைக்கு 30 டிகிரி. மூன்றாவது அலைக்குள் முகமெல்லாம் சிவந்துபோய், "வாந்தி வருது அண்ணாச்சி" என்று கரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏலே மக்கா, இந்தச் சட்டை அலையில போகதுக்கா, ஆளை அவிச்சு எடுக்கதுக்கா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பை நானே செய்திருக்கிறேன். சிட்னியில் மச்சான் வீட்டுக்குப் போனபோது ஐப்பசி ஆரம்பம், அங்கே வசந்தம், வெளியே வெயில் 27 டிகிரி. நம்ம ஊர் மார்கழி மாதிரிதானே என்று வெறும் ராஷ் வெஸ்ட்டோடு (உரசலும் வெயிலும் படாமல் தடுக்கிற மெல்லிய சட்டை) இறங்கினேன். தண்ணீர் 18. இருபத்தைந்து நிமிஷத்தில் விரல் மடங்கவில்லை, காலில் கட்டிய போர்டுக் கயிற்றைக் கழற்ற மச்சானைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அப்புறம் பயந்துபோய் அவசரமாக ஒரு சூட் வாங்கினேன், அதுவும் ஒரு அளவு பெரிது. அந்தக் கதை கீழே வரும்.

நானும் சரி, அந்தப் பையனும் சரி, சறுக்கியது வரிசையில்தான். தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே உடுப்பை முடிவு செய்துவிட்டோம். அதனால் இங்கே சொல்கிற வரிசையை மாற்றாமல் போங்கள். தடிமன் எத்தனை மில்லி (மில்லிமீட்டர்) என்ற கேள்வி ஐந்தாவதாகத்தான் வரும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

மீன் தொட்டிக்கு வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று, அதைக் கட்ட ஒரு முழம் தூண்டில் நரம்பு, தையற்காரர் வைத்திருக்கிற அளவு நாடா, ஒரு நோட்டு, இரண்டு பிளாஸ்டிக் கடைப் பை. கடைப் பை எதற்கு என்று எட்டாம் படியில் தெரியும். நோட்டு மட்டும் அலட்சியம் பண்ணாதீர்கள், ஆறு மாதம் கழித்து அதுதான் உங்களுக்கு எல்லா வலைத்தளத்தையும்விட நன்றாகப் பதில் சொல்லும்.

1. காற்றை விடுங்கள், தண்ணீரை அளங்கள்

இடுப்பளவு ஆழத்தில் நின்று தெர்மாமீட்டரை முழங்கை ஆழத்துக்கு இறக்கி, இரண்டு நிமிஷம் வைத்திருந்து, தண்ணீருக்குள் இருக்கும்போதே படித்துவிடுங்கள். வெளியே எடுத்துப் படித்தால் காற்று பட்டு எண் மாறிவிடும். கணுக்கால் தண்ணீரில் அளந்தால் வெயில் பட்ட மணலின் சூட்டைத்தான் அளக்கிறீர்கள், அலை பிடிக்கிற இடத்தின் சூடு அது இல்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். 22 டிகிரி காற்றில் சட்டை போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். 22 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் அசையாமல் அலைக்குக் காத்திருந்து பாருங்கள், தாடை தானாக ஆடும்.

செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பு வெப்பநிலை உதவும்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தோடு இதையும் வெளியிடுகிறது. ஆனால் அது பல கிலோமீட்டர் பரப்புக்கான கணக்கு. கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறுகிற நாட்களில் உங்கள் கையிலிருக்கிற தெர்மாமீட்டருக்கும் படத்துக்கும் ஒன்றிரண்டு டிகிரி தள்ளிப் போகும். அப்போது தெர்மாமீட்டரை நம்புங்கள்.

2. நம்ம கடலின் வருஷக் கணக்கை மனசில் ஏற்றுங்கள்

வெளியூர்க் கடலை ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும், அது நம்ம கடல்தான். மணப்பாட்டை மாவட்டம் பிரித்துத் தூத்துக்குடியில் சேர்த்துவிட்டார்கள், எங்களுக்கு அது இன்றும் நெல்லைச் சீமைதான். பெரியதாழை, கூடுதாழை, உவரி, இடிந்தகரை என்று கன்னியாகுமரி வரை போகிற இந்தக் கரையைத்தான் நம்ம கடல் என்கிறேன்.

பங்குனி கடைசியிலிருந்து வைகாசி வரை தண்ணீர் 29, 30, சில மதியங்களில் அதற்கும் மேல். ஆனி பிறந்து கச்சான் காற்று பிடித்ததும் கணக்கு மாறும். ஊருக்கெல்லாம் அது வெயில் காலத்தின் நீட்சி, கடலுக்கு அது குளிர்ச்சி. தென்மேற்குப் பருவக்காற்று குமரி முனைப் பக்கம் மேல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருக்கிற குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு ஏறி வருகிறது. ஆடியில் உவரிப் பக்கம் 26 சாதாரணம், சில விடியலில் 25-ஐயும் பார்த்திருக்கிறேன். தெற்கேயிருந்து நல்ல அலை வருவதும் இதே மாதங்களில்தான், அதனால் இந்தக் குளிர்ச்சி உங்கள் கணக்கில் அவசியம் இருக்க வேண்டும். ஐப்பசியில் திரும்ப 28 பக்கம் வந்து, மார்கழி தை வாடைக் காற்றில் 26, 27-க்கு இறங்கும்.

ஆக வருஷம் முழுவதும் நம்ம கடலின் ஏற்ற இறக்கம் ஐந்தாறு டிகிரிதான். இந்த ஐந்தாறு டிகிரிக்கு முழு வெட்சூட் தேவையே இல்லை. நம்ம கடலில் உடம்பைக் கெடுப்பது வெயிலும், கால் வழுக்காமலிருக்கப் போர்டில் தடவுகிற மெழுகு உரசுவதும், அப்புறம் சொறி மீனும். முழுக்கை ராஷ் வெஸ்ட், முழங்கால் வரை வருகிற நீச்சல் கால்சட்டை, சொறி மீன் அதிகமான நாட்களில் மெல்லிய முழுநீள லைக்ரா உடுப்பு, இவ்வளவு போதும். ஆடி விடியலில் கச்சான் வீச இரண்டு மணி நேரம் இருப்பவர்கள், ஒல்லியான சின்னப் பிள்ளைகள், இவர்களுக்கு மட்டும் 1 மில்லி அல்லது 1.5 மில்லி நியோபிரீன் (வெட்சூட் செய்கிற நுரை ரப்பர்) மேல்சட்டை. அதற்கு மேல் போனால் வேர்க்கும். வேர்வை தண்ணீருக்குள் ஆறாது, உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். பாளையங்கோட்டைப் பையனுக்கு நடந்தது அதுதான்.

3. போகிற ஊரின் தண்ணீரை மாதத்தோடு சேர்த்துப் பாருங்கள்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். "அந்த ஊர் கடல் எத்தனை டிகிரி" என்று கேட்பது பாதிக் கேள்வி. எந்த மாதம் என்று சேர்த்துக் கேளுங்கள்.

கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுகிற பாத்திரம். காற்றின் குளிர்காலம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் கடலின் குளிர்காலம் வரும். வடக்குப் பாதி உலகில் கடல் அதிகம் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். தெற்குப் பாதியில் ஆகஸ்ட், செப்டம்பரில். நான் சிட்னியில் மாட்டியது இதில்தான்: வெயில் வந்துவிட்டது, கடலுக்கு இன்னும் குளிர் விடவில்லை. அதே கடல் பிப்ரவரி மார்ச்சில் 23 வரை வரும்.

நம்ம ஆட்கள் வழக்கமாகப் போகிற இடங்களைச் சொல்கிறேன். இலங்கை அறுகம்பை, மாலத்தீவு இரண்டும் 27-லிருந்து 29, நம்ம உடுப்பே போதும். பாலியும் ஏறக்குறைய அப்படித்தான், ஜூலை ஆகஸ்டில் தெற்குக் கரையில் 26 பக்கம் இறங்கும். வளைகுடா என்றாலே கொதிக்கும் என்று நினைக்காதீர்கள். துபாய்க் கடல் ஆகஸ்டில் 33-ஐத் தாண்டினாலும் பிப்ரவரியில் 21, 22-க்கு வந்துவிடும். ஓமானின் தெற்கே சலாலா பக்கம் இன்னும் வேடிக்கை, ஆடி மாதத்தில் அங்கேயும் அடித் தண்ணீர் மேலேறி, கடல் நம்ம மார்கழியைவிடக் குளிர்ந்துவிடும். சலாலாவில் வேலை கிடைத்துப் போன தம்பி ஒருவன் இதைச் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை.

ஆஸ்திரேலியாவிலேயே கோல்டு கோஸ்டில் 20-லிருந்து 26, விக்டோரியாவின் பெல்ஸ் கடற்கரையில் 13-லிருந்து 18. ஒரே நாடு, இரண்டு உடுப்பு. கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கம் கோடையிலும் 10-லிருந்து 15-க்குள்தான், அங்கேயும் காரணம் காற்று மேல் தண்ணீரைத் தள்ளிவிடுவதே. சான் பிரான்சிஸ்கோ வருஷம் முழுவதும் 10-லிருந்து 15, போர்ச்சுகலின் எரிசெய்ரா 14-லிருந்து 19.

போகிற மாதத்தின் எண்ணை நோட்டில் எழுதுங்கள். சராசரியை எழுதாமல் அந்த மாதத்தின் குறைந்த பக்கத்து எண்ணை எழுதுங்கள்.

4. அந்த எண்ணைக் கூட்டிக் கழியுங்கள்

இப்போது மூன்று கேள்வி. காற்று எப்படி? நனைந்த உடுப்பின் மேல் காற்று பட்டால் ஆவியாகி, சூட்டை எடுத்துக்கொண்டு போகும். முப்பந்தல் பக்கம் காற்றாலை சுழல்கிற வேகத்தில் வீசுகிற நாளுக்கு, கணக்கில் இரண்டு டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? முக்கால் மணி நேரத்துக்கு உள்ளே என்றால் கழிக்க வேண்டாம், இரண்டு மணி நேரம் என்றால் இன்னொரு டிகிரி. உங்கள் உடம்பு எப்படி? ஒல்லியானவர்கள், சிறுவர்கள், கையால் துடுப்புப் போடுவதைவிட உட்கார்ந்து காத்திருக்கிற நேரம் அதிகமான புதியவர்கள், இவர்களுக்கு இன்னும் ஒரு டிகிரி.

இது விஞ்ஞானச் சூத்திரம் இல்லை, என்னுடைய கைக்கணக்கு. ஆனால் பிறந்ததிலிருந்து 28 டிகிரித் தண்ணீரில் விளையாடியவனுக்கு, 12 டிகிரியில் பழகியவன் எழுதிய அட்டவணை அப்படியே பொருந்தாது. அவன் "19-க்கு 2 மில்லி போதும்" என்பான், அவனுக்குப் போதும்.

5. இப்போது தடிமன்

3/2 என்றால் நெஞ்சு, முதுகுப் பக்கம் 3 மில்லி, கை கால் 2 மில்லி. நடு உடம்பைச் சூடாக வைக்க வேண்டும், தோள் லேசாகச் சுழல வேண்டும், அதற்காகத்தான் இரண்டு தடிமன். 5/4/3 என்றால் மூன்றாவது எண் பெரும்பாலும் கைகளுக்கு.

கூட்டிக் கழித்து வந்த எண்ணை வைத்து, நம்ம ஆட்களுக்கு நான் சொல்வது இப்படி.

25-க்கு மேல்: ராஷ் வெஸ்ட், கால்சட்டை. இங்கே தடித்த உடுப்பு ஆபத்து.

22-லிருந்து 25: நியோபிரீன் மேல்சட்டை, இல்லையென்றால் அரைக்கை, அரைக்கால் வைத்த 2 மில்லி ஷார்ட்டி.

19-லிருந்து 22: முழுநீள 3/2. உங்களுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வெட்சூட்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். கோல்டு கோஸ்ட் குளிர்காலம், துபாய் பிப்ரவரி, சிட்னி கோடை எல்லாவற்றையும் இது சமாளிக்கும்.

15-லிருந்து 19: 4/3. பதினாறுக்குக் கீழே 3 மில்லி பூட்ஸும்.

11-லிருந்து 15: 5/4, தலைக்கு முக்காடு, 5 மில்லி பூட்ஸ், கையுறை. இந்தத் தண்ணீரில் காதுக்கு அடைப்பானும் வேண்டும். குளிர்ந்த தண்ணீரும் காற்றும் வருஷக்கணக்கில் பட்டால் காதுத் துளையின் எலும்பு வளர்ந்து துளையை அடைக்கும், அலைச் சறுக்குக்காரர்களுக்கு இது தெரிந்த வியாதி.

அதற்கும் கீழே: முதல் வெளிநாட்டுப் பயணத்தில் போகாதீர்கள். அவ்வளவுதான்.

போர்டு மெழுகும் இதே எண்ணைத்தான் கேட்கும். நம்ம கடலுக்கு வாங்கிய வெப்பமண்டல மெழுகு 16 டிகிரியில் கல்லாகிவிடும், கால் வழுக்கும். அங்கே போட வேண்டிய குளிர்நீர் மெழுகை நம்ம சித்திரையில் போட்டால் பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி வழிந்து ஓடும். போகிற ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

6. வகை, தையல், ஜிப்

ஆழ்கடல் முக்குளிப்புக்கான சூட் மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிடாதீர்கள். அது ஆழத்தின் அழுத்தத்துக்காக விறைப்பாகச் செய்தது, தோளைச் சுழற்றித் துடுப்புப் போட விடாது, பத்து நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். நீச்சல் பந்தயச் சூட்டும் வேண்டாம், அதன் வழவழப்பான வெளித்தோல் போர்டு உரசியே கிழிந்துவிடும். சர்ஃபிங்குக்கு என்று செய்ததையே கேளுங்கள்.

தையலைத் திருப்பிப் பாருங்கள். ஃபிளாட்லாக் என்கிற தட்டைத் தையல் இரண்டு பக்கமும் தெரியும், ஊசித் துளை வழியே தண்ணீர் உள்ளே வரும். 20-க்கு மேல் அது பரவாயில்லை. அதற்குக் கீழே, ஓரங்களைப் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் போகாமல் தைத்த பிளைண்ட்ஸ்டிட்ச் தையல்தான் வேண்டும். 15-க்குக் கீழே உள்பக்கம் டேப்பும் ஒட்டியிருக்கட்டும். கசிகிற 4/3-ஐவிடக் கசியாத 3/2 சூடாக இருக்கும், இதை நான் இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஜிப் முதுகில் இருந்தால் போடுவது சுலபம், தண்ணீர் முதுகெலும்பு வழியாக வழிந்து இறங்கும். நெஞ்சில் இருந்தால் போடக் கஷ்டம், உள்ளே கசிவு குறைவு. புதியவர்களுக்கு 19-க்கு மேல் முதுகு ஜிப், அதற்குக் கீழே நெஞ்சு ஜிப். முதுகு ஜிப் முதுகுக்குத்தான் போக வேண்டும். சிரிக்காதீர்கள், முன்பக்கம் ஜிப்போடு கரைக்கு வந்த மூன்று பேரை நான் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

7. அளவு

எல்லாவற்றிலும் பெரிய படி இதுதான், இதற்குத்தான் எல்லோரும் குறைந்த நேரம் செலவழிக்கிறார்கள்.

வெட்சூட் தண்ணீரை உள்ளே விடாது என்று பலர் நினைக்கிறார்கள். விடும். உள்ளே வருகிற மெல்லிய படலத் தண்ணீரை உங்கள் உடம்பு சூடாக்கிக்கொள்கிறது, நியோபிரீனுக்குள் அடைபட்டிருக்கிற கோடிக்கணக்கான சின்ன வாயுக் குமிழிகள் அந்தச் சூட்டை வெளியே போக விடாமல் தடுக்கின்றன. சூட் தொளதொள என்று இருந்தால் ஒவ்வொரு முங்கலுக்கும் அந்தச் சூடான தண்ணீர் வெளியேறிப் புதுக் குளிர்ந்த தண்ணீர் வரும். மூடி இல்லாத குவளையில் வெந்நீர் பிடித்த மாதிரி, எத்தனை மில்லி தடிமனாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

சிட்னியில் நான் வாங்கியது அப்படிப்பட்டதுதான். கடைக்காரர் "உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்று ஒரு அளவு பெரிதாகக் கொடுத்தார், சட்டை வாங்குகிற புத்தியில் நானும் தலையாட்டினேன். முதல் முங்கலில் முதுகுக்குள் ஒரு வாளித் தண்ணீர் இறங்கியது. இடுப்பில் பை மாதிரி தொங்கிக்கொண்டே எழுந்து நின்றேன்.

நான்கு அளவு எடுங்கள்: நாடாவால் உயரம், நெஞ்சு, இடுப்பு, அப்புறம் எடை. எல்லாம் வெறும் உடம்பில். நெஞ்சளவும் உயரமும் அட்டவணையில் ஒத்துப்போக வேண்டும். இரண்டும் வேறு வேறு கட்டத்தில் விழுந்தால் நெஞ்சுக்கு முதலிடம் கொடுத்து, அதிலேயே உயரமானவர்களுக்கானது, குட்டையானவர்களுக்கானது என்று தனி அளவு இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியின் எம் அளவும் வேறு வேறு. போன தடவை எம் என்று எழுதி வைத்ததை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

வந்ததும் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் விடிகாலை, மின்விசிறிக்குக் கீழே, குளித்து நன்றாகத் துவட்டிய பிறகு. நம்ம ஊர் மதியத்தில் வேர்த்த உடம்போடு முயன்றால் சரியான அளவும் சின்னது மாதிரி தோன்றும். திருப்பி அனுப்பிவிட்டுப் பெரிதை வாங்குவீர்கள். இரண்டு பேர் இந்தத் தப்பைச் செய்து பார்த்துவிட்டேன்.

போட்டதும் நான்கு இடத்தைத் தொடுங்கள்: முதுகின் அடி வளைவு, அக்குள், தொடை இடுக்கு, கழுத்து. எங்கேயும் காற்று நிற்கக் கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், தொடை இடுக்கு கீழே இழுத்தால் உயரம் போதவில்லை. குத்துக்காலிட்டு உட்காருங்கள், முதுகு விடைத்தால் நீளம் போதவில்லை. கை மணிக்கட்டு எலும்பு வரை, கால் கணுக்கால் வரை. கழுத்து இறுக்கமாகத் தோன்றலாம், ஆனால் எச்சில் முழுங்க முடிய வேண்டும். காய்ந்த புதுச் சூட் இறுக்கமாகத்தான் இருக்கும், நனைந்ததும் இளகும்.

8. போடும் முறை

வெறும் மணலில் நின்று போடாதீர்கள். பாயோ துண்டோ விரித்து உட்காருங்கள். காலில் கடைப் பையைச் சுற்றிக்கொண்டு கால் குழாய்க்குள் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும், குதிகால் வெளியே வந்ததும் பையை உருவி அடுத்த காலுக்கு. கைக்கும் அப்படித்தான்.

நகத்தால் இழுக்காதீர்கள், விரல் நுனிச் சதையால் மடிப்பாகப் பிடித்து இழுங்கள். புதுச் சூட்டில் பிறை வடிவக் கிழிசல் வருவது நகத்தால்தான். முழங்கால் பட்டை முழங்காலில் உட்கார்ந்த பிறகே தொடை, தொடை இடுக்கு முழுதாக மேலே வந்த பிறகே கை. இதில் அவசரப்பட்டால், மேலே ஜிப் மூடாது, மூடினாலும் தோள் கிடந்து வலிக்கும்.

சிலர் சுலபமாக ஏறட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். உடம்பு வழுக்கும்தான், அப்புறம் போர்டும் வழுக்கும். கழுத்தில் உரசாமலிருக்க வாசலின் தடவுவதும் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் நியோபிரீனுக்கு ஆகாது. உரசும் என்று பயமிருந்தால் உள்ளே மெல்லிய ராஷ் வெஸ்ட் போடுங்கள்.

9. ஊரிலேயே ஒரு ஒத்திகை

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதை முதன்முதலாக விமானத்தில் ஏறிப் போய் நனைக்காதீர்கள். நம்ம கடல் சூடு, அங்கே கசிவு தெரியாது. தாமிரபரணியின் மேற்பகுதி, பாபநாசம் பக்கம் மார்கழி விடியலில் போங்கள், தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் அளந்துகொள்ளுங்கள். கழுத்தளவுத் தண்ணீர், கரையோரம், துணைக்கு ஒருவர். கசம் (ஆழமான பள்ளம்) இருக்கிற இடம் தெரியாமல் இறங்காதீர்கள், உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். அணைத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிற நாளில் வேண்டாம்.

முழுகி எழுந்து, துடுப்புப் போடுகிற மாதிரி கையை ஐம்பது தடவை சுழற்றுங்கள். சில்லென்று எந்த இடத்தில் ஓடுகிறது என்று கவனியுங்கள். கழுத்தில் என்றால் கழுத்துப் பட்டையை ஒழுங்காக மூடவில்லை. முதுகின் அடியில் என்றால் அளவு பெரிது, மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். ஒரே ஒரு புள்ளியில் என்றால் தையலில் ஓட்டை. இந்த ஒத்திகையில் படித்துறைப் பாட்டிகளின் பேச்சையும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும், கறுப்புச் சட்டைக்குள் நிற்பவனைப் பார்த்து யார்தான் சும்மா போவார்கள்.

10. குளிர்ந்த தண்ணீரில் முதல் நாள்

நேரடியாகப் பாய வேண்டாம். 15-க்குக் கீழே சட்டென்று இறங்கினால் மூச்சு தானாகத் திணறும், அந்த முதல் இரண்டு மூன்று நிமிஷத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் குடித்துவிடுவீர்கள். இடுப்பளவில் நின்று முகத்தை நனைத்து, கழுத்து வழியே கொஞ்சம் தண்ணீரை விட்டு, மூச்சு சீராகும் வரை காத்திருங்கள். அப்புறம் போர்டில் படுங்கள்.

முதல் நாள் நாற்பது நிமிஷம்தான். நடுக்கம் வந்தால் அடுத்த அலைக்குக் காத்திருக்காதீர்கள், கிடைக்கிற நுரையிலேயே கரைக்கு வாருங்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் ஒன்றையொன்று தொட முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் ஏற்கெனவே தாமதம்.

காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற நாளில் இன்னும் கவனம். நம்ம கரை தென்கிழக்கைப் பார்த்திருப்பதால் கச்சான் நம்மையும் அப்படித்தான் வெளியே தள்ளும், அது உங்களுக்குப் பழகியிருக்கும். ஆனால் குளிர்ந்த கையோடு எதிர்க்காற்றில் துடுப்புப் போடுவது வேறு. பாதி பலம் திரும்பி வரத் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் சூட்டைக் கழற்றுவதற்கு முன் தலையைத் துவட்டிக் குல்லா போடுங்கள். காய்ந்த உடுப்பு, ஃபிளாஸ்கில் சுக்குக் காபி, இரண்டும் போர்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காரில் வைத்துச் சாவியையும் பூட்டிவிட்டு விரல் மரத்துப்போய் நிற்காதீர்கள்.

11. கழுவுவதும் காயவைப்பதும்

நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். திசையன்விளை, உவரி பக்கம் பல வீட்டில் போர் தண்ணீரே உப்பு, அதில் அலசினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். குடிக்கிற தண்ணீர்க் குழாயில் ஒரு வாளி பிடித்துக்கொள்ளுங்கள். வெந்நீர், துணி மெஷின், துணி மென்மையாக்கி, இஸ்திரி எதுவும் கூடாது, பசை விட்டுப்போகும்.

பிழியாதீர்கள். உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி, இடுப்பில் மடித்துக் கொடியில் போடுங்கள், மெல்லிய ஹேங்கரில் தோளால் தொங்கவிட்டால் தண்ணீர் எடையில் தோள் நீண்டுவிடும். வேப்பமர நிழல் சரி. தகரக் கூரை, மொட்டைமாடித் தரை, பூட்டிய கார் மூன்றும் வெட்சூட்டின் சாவு. உள்பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள்.

ஆடிக் காற்றில் இன்னொரு தொல்லை, தேரி மணல். அந்தச் செம்மண் தூள் எங்கிருந்தாலும் பறந்து வந்து ஜிப் பல்லில் உட்காரும், இழுத்தால் பல் தேயும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஜிப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் காற்று மறைவில் போடுங்கள்.

12. கிழிசல்

நகக் கிழிசலைப் பார்த்த அன்றே ஒட்டுங்கள், இழுபட்டால் இரண்டு நாளில் விரல் நீளமாகும். நியோபிரீனுக்கு என்றே பசை இருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். செருப்புக் கடைப் பசை முதல் நாள் பிடிக்கும், பிறகு விறைத்து, மடங்குகிற இடத்தில் வெடிக்கும்.

உப்பில்லாமல் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு, கிழிசலை விரித்து இரண்டு ஓரத்திலும் மெல்லிசாகத் தடவுங்கள். உடனே ஒட்டாதீர்கள், தொட்டால் விரலில் வராத அளவுக்கு இறுகட்டும், அப்புறம் இன்னொரு பூச்சு, மறுபடி அதே காத்திருப்பு, அதன் பிறகுதான் ஓரத்தோடு ஓரம் பொருத்தி அழுத்த வேண்டும். முதலிலேயே ஈரமாக ஒட்டுகிறவர்கள்தான் "இந்தப் பசை சரியில்லை" என்கிறார்கள். ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் நிழலில் கிடக்கட்டும், அதனால் பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி இந்த வேலையை எடுத்துவைக்காதீர்கள்.